ஆள் சேர்த்த படம்

அந்தக் கடைத்தெருவில் ஸ்டூடியோக்களுக்குக் குறைவில்லை. ஆனால் குடும்பப் படத்தில் விட்டுப்போன ஆளைச் சேர்க்க வேண்டுமென்றால் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடைக்குத்தான் வருவார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகன், படம் எடுக்கிற அன்றைக்குக் கோபித்துக்கொண்டு வராமல் போன தம்பி, பேரன் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட பெரியவர், யாராக இருந்தாலும் சரி. பழைய படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும், மறுநாள் அந்த ஆள் எல்லோரோடும் நின்றுகொண்டிருப்பார். மற்றக் கடைக்காரர்களும் செய்வார்கள்தான். அவர்கள் ஒட்டினால் ஒட்டின மாதிரியே இருக்கும். இவர் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, மூக்கு நிழல் எந்தக் கன்னத்தில் படுகிறது, பக்கத்தில் நிற்பவர் தோள் எவ்வளவு மறைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வார். அவர் சேர்த்துக் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "இவர் எப்ப வந்து நின்னார்?" என்று கட்டின மனைவியே கேட்டதாகத் தெருவில் ஒரு கதை உண்டு.

வேலையில் அவ்வளவு கெட்டிக்காரர். வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படாது. இது அவர் மனைவியின் தீர்ப்பு. கடையின் முன்பக்கம் அவள் பொறுப்பு. ஃப்ரேம் கட்டை அறுப்பது, கண்ணாடி வெட்டுவது, லேமினேஷன் போடுவது, வந்தவர்களைப் பேசி உட்கார வைப்பது எல்லாம் அவள்தான். விளக்குகளும் கம்ப்யூட்டரும் இருக்கிற பின்னறை அவர் ராஜ்ஜியம். நடுவில் ஒரு துணித் திரை. அதனால் கணவன் மனைவி பேச்செல்லாம் முகம் பார்க்காமலே நடக்கும்.

"ஏங்க, குட்டியோட சாப்பாட்டு டப்பாவைப் பாத்தீங்களா? ரொட்டி வெச்சது வெச்ச மாதிரியே திரும்பி வருது."

"பசிச்சிருக்காது."

"தினமுமா பசிக்காது? முன்னெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்தா வாய் ஓயாது அவளுக்கு. இப்ப என்ன கேட்டாலும் 'ம்'. கேக்காட்டி அதுவும் இல்ல."

"வயசு அப்படி. பதினஞ்சு வயசுல நீ எப்படி இருந்த?"

"நான் தின்னேன்," என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு நல்ல வேலை ஒன்று வந்திருந்தது. மகள் குட்டியின் வகுப்பை ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே எடுத்த படங்களைப் பிரிண்ட் போட அவளுடைய தோழிகளே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். தோழிகள் மூன்று பேர். தலைமுடியை உயரத் தூக்கிக் கட்டி, அது ஆட ஆட நடக்கிற பெண்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. ஸ்டூடியோக்காரர் வீட்டில் அவளுக்குக் குதிரைவால் என்று பேர். மற்ற இரண்டு பேரும் அவள் சிரித்தால் சிரிப்பார்கள், நிறுத்தினால் நிறுத்துவார்கள்.

"எல்லாம் எங்க கேமராமேன் எடுத்தது அங்கிள்," என்று குதிரைவால் குட்டியைக் கைகாட்டினாள். குட்டி முன்பக்கத்து மேசை மேல் கிடந்த பிசின் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தபோது அவருக்கு நெஞ்சு விரிந்தது. தண்ணீரின் பளபளப்பு முகத்தில் விழுகிற மாதிரி நிறுத்தியிருந்தாள். தலைக்கு மேலே தேவையில்லாத வானம் இல்லை. காலை வெட்டவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இது வந்திருக்கிறதே என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பாதிப் படங்களைத் தாண்டிய பிறகுதான் குட்டி எதிலுமே இல்லை என்று கவனித்தார். அதையும் அவர் தன் தொழில் புத்தியாலேயே பார்த்தார். எடுக்கிறவனுக்குப் படத்தில் இடம் கிடையாது. அவருடைய கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் அவரும்தான் இல்லை. மகளுக்கும் அதே தலையெழுத்தா என்று செல்லமாக வருத்தப்பட்டார்.

அந்த வருத்தத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மூன்று பேரும் கரையோரம் நிற்கிற படம் ஒன்றை எடுத்துக்கொண்டார். போன மாதம் மொட்டை மாடியில் சாயங்கால வெயிலில் குட்டியை எடுத்த படம் இருந்தது. இரண்டிலும் வெளிச்சம் இடப்பக்கம். குதிரைவாலைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் மற்ற இருவரைக் கொஞ்சம் அந்தப் பக்கமும் நகர்த்தி, நடுவே மகளுக்கு ஓர் இடம் உண்டாக்கினார். குதிரைவாலின் கை குட்டியின் தோள்மேல் விழுகிற மாதிரி அமைத்தார். தரையில் மூன்று நிழல்களோடு நாலாவது நிழலையும் படுக்க வைத்தார். சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு அதில் உட்கார்ந்திருந்தார். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மனைவியிடம் சொல்லி ஃப்ரேம் போட வைத்து, பிள்ளைகள் படம் வாங்க வந்தபோது, "இது என் கணக்குல," என்று கொடுத்தார். குட்டி அப்போது டியூஷனில் இருந்தாள்.

மூன்று பேரும் படத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சூப்பர் அங்கிள்," என்றாள் குதிரைவால்.

மறுநாள் நல்ல மழை. பள்ளி விட்டு வந்த குட்டி அம்மாவிடம் நிற்காமல் திரையை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தாள். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குடை பைக்குள்ளேயே இருந்தது.

"அப்பா, அந்தப் படத்தை ஏன் கொடுத்தீங்க?"

"ஏன், நல்லா வரலையா?"

இப்படிக் கேட்டதற்காக அவர் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டார். குட்டி தன் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் அவர் செய்த படம் இருந்தது. கீழே ஒரு வரி: 'இந்தப் படத்துல இல்லாத ஆள் யாரு? கண்டுபிடிச்சா பரிசு.' அதற்குக் கீழே விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் முகங்கள். யாரோ ஒருவர் 'ஆவி' என்று எழுதியிருந்தார்.

"காலையில நான் கிளாசுக்குள்ள போனதும் ஒருத்தி ஐயோ ஆவின்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. குதிரைவால் ஓடி வந்து, சும்மா காமெடிடி, சீரியஸா எடுத்துக்காதன்னு என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. கட்டிப்பிடிக்கிறவளை எப்படிப்பா கோவிச்சுக்கிறது?"

"நீதானேம்மா படமெல்லாம் எடுத்த. அதனாலதான் நீ இல்லைன்னு நான்..."

"நான்தான் எடுத்தேன். எப்பவும் நான்தான் எடுப்பேன். எடுத்து முடிச்சதும், சரி இப்ப நீ நில்லு, நான் எடுக்கிறேன்னு ஒருத்தியாவது சொல்லணும்ல?"

அவர் பாஸ்போர்ட் படத்துக்கு ஆட்களை உட்கார வைக்கிற முக்காலியை இழுத்துப் போட்டார். குட்டி உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டப் போனார். அவள் தடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே பேசினாள். முகம் தெரியாதது அவளுக்கு வசதியாக இருந்தது போலும்.

"ரோட்டுல போனா அவங்க மூணு பேரும் சேந்து போவாங்க. நான் பின்னாடி போகணும். நடைபாதை சின்னதா இருக்குதாம். நான் ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க. என்னடின்னு கேட்டா ஒண்ணுமில்லைம்பாங்க. நாங்க நாலு பேரும் இருக்கிற குரூப்ல யாருமே பேசறதில்ல. ஏன்னா மூணு பேருக்குத் தனியா ஒரு குரூப் இருக்கு. நான் போனா மத்தியானம் சாப்பிட நகர்ந்து இடம் கொடுப்பாங்க. ஆனா அவங்க பேசிட்டிருந்தது அதோட நின்னுடும். அடிச்சதில்லப்பா. திட்டினதும் இல்ல. டீச்சர்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாங்கன்னா?"

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியல. எனக்கே ரொம்ப நாள் தெரியல. நான்தான் ஏதோ தப்பு பண்றேன்னு நெனச்சேன்."

துவட்டுகிற கை நின்றுவிட்டது. குட்டி துண்டைத் தானே விலக்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க செத்தவங்களைத்தானேப்பா இப்படிச் சேர்ப்பீங்க," என்றாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவருக்கு வந்தது. அந்த அறையில் எத்தனையோ பேர் செத்தவர்களின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அவர் ஒருநாளும் அழுததில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வெட்டுகிற சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. அம்மா உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அவ வீடு எனக்குத் தெரியும். இப்பவே போய் அவ அம்மாக்காரிகிட்ட நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். எத்தனை தடவை நம்ம வீட்டுல உக்காந்து தின்னுட்டுப் போயிருப்பா."

"போனீங்கன்னா நாளையிலேர்ந்து நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்."

"அதுக்காக இப்படியே விட்டுடச் சொல்றியா?"

"அம்மா, நீங்க போனா அவ அழுவா. நான் என்ன ஆன்ட்டி பண்ணேன்னு கேப்பா. உங்களால ஒண்ணுமே சொல்ல முடியாது. அப்புறம் நாளைக்கு எல்லாரும் அவளைத்தான் சமாதானப்படுத்துவாங்க."

இவ்வளவையும் இந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறதே என்பதுதான் அம்மாவுக்கு எல்லாவற்றையும் விட வலித்தது. அவள் மகளின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவள் காலில் இருந்த ஈரச் செருப்பைக் கழற்றினாள்.

"சரி. நாங்க என்ன பண்ணட்டும், அதை நீயே சொல்லு," என்றார் அப்பா.

"எதுவும் பண்ண வேணாம். நான் சொன்னா கேட்டுக்குங்க. அது போதும்."

கேட்டுக்கொள்வது லேசான காரியமாகத்தான் தெரிந்தது. செய்து பார்த்தபோது இரண்டு பேருக்கும் உயிர் போயிற்று. குட்டி பள்ளி விட்டு நேரே கடைக்கு வர ஆரம்பித்தாள். பாஸ்போர்ட் படங்களைத் தாளிலிருந்து வெட்டி உறையில் போடுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். கை ஓடும்போது வாயும் ஓடியது. இன்றைக்கு இன்னார் இப்படிச் சொன்னாள், நான் இப்படி நின்றேன் என்று சொல்வாள். அம்மாவுக்கு நாக்கு துடிக்கும். பாதிப் பேச்சில், "நீ அங்க அப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்று கிளம்புவாள். அப்பா திரைக்குப் பின்னாலிருந்து இருமுவார். அவள் வாயை மூடிக்கொண்டு, கையிலிருக்கிற ஃப்ரேமில் ஆணியை ஓங்கி அடிப்பாள். அந்த வாரம் நிறையக் கண்ணாடி உடைந்தது.

ஒரு சாயங்காலம் குட்டியின் வகுப்பிலேயே படிக்கிற பெண் ஒருத்தி விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்தாள். கடைசி பெஞ்சு. வாசல்படி ஏறும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் நின்ற கதை, குடை பறந்த கதை என்று ஒன்று முடியுமுன் இன்னொன்று. முக்காலியில் உட்கார வைத்து விளக்கைப் போட்டால் சிரிப்பு அடங்கவில்லை.

"அங்கிள், சிரிக்கக் கூடாதுன்னு சொல்லாதீங்க. சொன்னாத்தான் வருது."

"சொல்லலம்மா. நேரா பாரு."

"நேரா பாத்தாலும் வருது."

ஒவ்வொரு படத்திலும் வாய் காதுவரை கிடந்தது. கடைசியில் அவர் குட்டியைக் கூப்பிட்டு, "நீ எதிர்ல வந்து கொஞ்சம் முறைச்சு நில்லும்மா," என்றார். குட்டி முறைத்தாள். அந்த வாயாடி அதற்கும் சிரித்தாள். முறைத்துக்கொண்டிருந்த குட்டியும் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டாள். முன்பக்கத்தில் அம்மா அறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளுக்கு எவ்வளவோ நாளாகியிருந்தது.

போகும்போது வாயாடி குட்டியிடம், "நீ இவ்வளவு பேசுவியா? நீ அவங்க செட்டுன்னு நான் உன்கிட்ட வரதே இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. வருஷாவருஷம் பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுப்பவர் குட்டியின் அப்பாதான். அந்த நாள் நெருங்க நெருங்க டப்பா மறுபடி கனமாகத் திரும்பி வந்தது. படத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், உறைகளை அடுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நாளைக்கு நான் லீவு போட்டுடறேன்ப்பா. அவங்க எல்லாம் கை கோத்துட்டு நிப்பாங்க. நான் எங்க நிக்கிறதுன்னு எல்லார் முன்னாடியும் தேடிட்டிருக்க முடியாது. வேணும்னா அப்புறமா என்னைச் சேர்த்துடுங்க."

"சேர்க்க மாட்டேன்," என்றார் அவர்.

குட்டி திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஊர்ல யார் கேட்டாலும் சேர்ப்பேன். உன்னை இனிமே எந்தப் படத்துலயும் ஒட்ட மாட்டேன். லீவு போடறதுன்னா போடு. நான் ஏன்னு கேக்கல. திட்டவும் மாட்டேன். நீ வரலைன்னா அந்தப் படம் நீ இல்லாமலே இருக்கட்டும். நான் அதைப் பாத்துக்கிறேன்."

"பிள்ளைகிட்ட இப்படியா பேசுவாங்க?" என்றாள் அம்மா.

அவர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்துவிட்டார். "வேற எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியலடி. ஒரு தடவை இல்லாத இடத்தை உண்டாக்கிக் கொடுத்து இவளை அசிங்கப்படுத்திட்டேன். இன்னொரு தடவை அதையே செய்யச் சொல்லாதீங்க."

குட்டி உறைகளை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் அவர் கிளம்பும்போது அவளுடைய அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா என்று நின்றார். தட்டாமல் வந்துவிட்டார்.

பள்ளி மைதானத்தில் வேப்பமரத்து நிழலை விட்டுத் தள்ளி, வெளிச்சம் சமமாக விழுகிற இடத்தில் பெஞ்சுகளைப் போட வைத்தார். ஆசிரியர்களுக்கு நாற்காலி, பின்னால் நிற்பவர்கள் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் பெஞ்சு மேல் ஒரு வரிசை. குதிரைவாலும் அவள் தோழிகளும் முதலிலேயே வந்து நடுவில் கை கோத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அவர் கேமரா ஸ்டாண்டைப் பொருத்தி நிமிர்ந்தபோது, வகுப்புக் கட்டடத்துப் படியில் குட்டி இறங்கி வந்துகொண்டிருந்தாள். சீருடை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அம்மாவின் வேலை.

அந்த மைதானத்தில் அந்த நேரத்துக்கு அவர் வைத்ததுதான் சட்டம். தலைமையாசிரியரையே, "சார், கொஞ்சம் இப்படி," என்று நகர்த்துகிற அதிகாரம் அவருக்கு இருந்தது. குதிரைவாலைப் பெயர்த்துக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்த, "நீ உயரம், பின்னால போம்மா," என்று ஒரு வார்த்தை போதும். நடுவில் இடம் வந்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் குட்டியைப் பார்த்தார். குட்டி அவரைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினாள்.

அவர் குனிந்து, ஏற்கனவே இறுக்கியிருந்த ஸ்டாண்டின் திருகை மறுபடி இறுக்கினார்.

குட்டி வரிசையின் முன்னால் நடந்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. காது சிவந்துபோயிற்று. நடுவைத் தாண்டினாள். ஓரத்தில் பெஞ்சு மேல் நின்ற வாயாடியின் முன்னால் போய் நின்று, "கொஞ்சம் தள்ளிக்கோ, நானும் நிக்கணும்," என்றாள். குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஏறு ஏறு. ஆனா பெஞ்சு ஆடுது, விழுந்தா சேந்துதான் விழணும்," என்று வாயாடி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அவர் வரிசையாகப் பல படம் எடுத்தார். முடிந்ததும் பிள்ளைகள் கலைந்தார்கள். குதிரைவால் தன் போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏய் கேமராமேன், எங்களை இங்க ஒண்ணு எடுடி. நீ எடுத்தாத்தான் நல்லா வருது."

குட்டியின் கை பழக்கத்தில் பாதி தூரம் நீண்டுவிட்டது. அப்புறம் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் எடுக்கல. வேற யாரையாவது கேளு."

"என்னடி, கோவமா?"

"ஆமா," என்றாள் குட்டி.

குதிரைவால் இதை எதிர்பார்க்கவில்லை. எப்போதும் 'சேச்சே, இல்லடி' என்றுதான் பதில் வரும். அவள் தோழிகளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணால் பேசிக்கொள்ள அன்றைக்கு அவர்களிடமும் எதுவும் இல்லை. பிறகு பக்கத்தில் நின்ற ஸ்டூடியோக்காரர் பக்கம் போனை நீட்டினாள். "அங்கிள், நீங்களாவது..." அவர் இரண்டு கையாலும் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தார். "கை வேலையா இருக்கும்மா," என்றார்.

சாயங்காலம் கடையில் அவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது குட்டி பக்கத்தில் வந்து நின்றாள். அம்மா இன்றைக்குத் திரைக்கு இந்தப் பக்கமே நின்று, அவித்த முட்டையை உரித்து ஒவ்வொன்றாக மகளின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். குட்டி தின்றுகொண்டே இருந்தாள்.

எல்லோரும் ஒழுங்காக வந்த படம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதில் ஓரத்தில் வாயாடி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். குட்டி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்ததில் கண் இரண்டும் முழுக்க மூடியிருந்தது.

"அடுத்த படத்துல உன் கண்ணு நல்லா திறந்திருக்கு. அதை எடுத்து இதுல வெச்சுடலாம். யாருக்கும் தெரியாது," என்று சொல்லிக்கொண்டே அவர் கை பழக்கதோஷத்தில் மவுஸைத் தேடிப் போனது.

குட்டி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். முட்டை மஞ்சள் விரலில் ஒட்டியிருந்தது.

"வேணாம்ப்பா. அப்படியே இருக்கட்டும். அப்ப நிஜமாவே எனக்கு அப்படித்தான் சிரிப்பு வந்துச்சு."

அவர் எதையும் தொடவில்லை. அப்படியே பிரிண்டுக்குக் கொடுத்தார்.